பழைய எல்ஃப் லொறி: வெப்பநிலை சென்சருக்கு எத்தனை ஓம்?

கொழும்பில் ஓடும் எனது 1990ஆம் ஆண்டு இசுசு எல்ஃப் லொறியில் (4ஜேபி1 டீசல் எஞ்சின்) வெப்பநிலை மீட்டரின் முள் மூன்று வாரங்களாகக் குளிர்நிலைக் கோட்டை விட்டு அசையவில்லை. தெர்மோஸ்டாட் அருகே உள்ள இரண்டு சென்சர்களில் ஒற்றை வயர் உடையதைக் கழற்றி, அந்த வயரை எஞ்சின் உடலில் ஒரு கணம் தொட்டபோது முள் உச்சிக்குத் தாவியதால், மீட்டரிலும் வயரிலும் பழுதில்லை என்று தெளிந்தேன்.

பழையதைப் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குக் கொண்டுபோய், புரி பொருந்தும் புதியதை (பெட்டியில் இலக்கம் எதுவுமில்லை) வாங்கிப் பூட்டினேன். இப்போது ரேடியேட்டர் நீர் கொதிக்காமலேயே முள் சிவப்பைத் தொடுகிறது. புதிய சென்சர் சூடேறச் சூடேற அதன் மின்தடை குறைவதை மல்டிமீட்டரில் பார்த்தேன். பழையது அடியோடு செத்துவிட்டதால் ஒப்பிட வழியில்லை.

இந்த எஞ்சினுக்குரிய சரியான மீட்டர் சென்சர், 80 பாகை செல்சியஸ் வெந்நீரில் எத்தனை ஓம் காட்ட வேண்டும்?