பினாங்குக்கு வேலைக்கு வர்றவங்களுக்கு: வீடு, சாப்பாடு, சுத்திப் பாக்குற எடம்

சென்னை, கோயம்புத்தூர்லருந்து மலேசியாவோட பினாங்குத் தீவுல தெக்க இருக்கிற பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளுக்கு வேலைக்கு வர்றவங்க கெளம்பறதுக்கு முன்னாடியே ஃபோட்டோ பாத்து ஒரு வருஷ அக்ரிமென்ட் போட்டுடறாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. மொத ரெண்டு மூணு வாரம் சர்வீஸ் அபார்ட்மென்ட்லயோ சின்ன ஹோட்டல்லயோ தங்குங்க, காலைல ஆபீஸ் நேரத்துல ஒரு தடவை அந்த ரோட்ல போய் பாருங்க, அப்புறம் வீட்ட முடிவு பண்ணுங்க. தீவு சின்னதுதான், ஆனா காலைலயும் சாயந்திரமும் எக்ஸ்பிரஸ்வேல நிக்கிற வண்டிய பாத்தா சின்ன தீவுன்னே தோணாது.

ஆபீஸ் பாயான் லெப்பாஸ்னா பாயான் பாரு, சுங்கை ஆரா, சுங்கை டுவா, குயின்ஸ்பே மால் பக்கம் இதுக்குள்ளயே தேடுங்க. டவுனுக்கும் (அதாவது ஜார்ஜ் டவுனுக்கும்) ஆபீஸுக்கும் நடுவுல வேணும்னா குளுகோர் நல்ல எடம், குடும்பத்தோட வர்றவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது அதைத்தான். தஞ்சோங் பூங்கால பால்கனில நின்னா கடல் தெரியும், மனசு அங்கதான் போகும், ஆனா அது தீவோட வடக்கு ஓரம், ஃபேக்டரி தெக்க இருக்கு, தெனமும் டவுன தாண்டி போய்ட்டு வரணும். புள்ளைங்களோட இருக்கிறவங்க கடலுக்காக அத தலைல ஏத்திக்காதீங்க, கடல சனிக்கிழமை பஸ் புடிச்சு போய் பாத்துக்கலாம்.

அட்வான்ஸ் நம்ம சென்னை மாதிரி பத்து மாசம்லாம் இல்ல. வழக்கமா ரெண்டு மாச வாடகை டெபாசிட், கரண்ட் தண்ணிக்குன்னு அரை மாசமோ ஒரு மாசமோ, அதோட மொத மாச வாடகை, இவ்வளவும் சேத்து கைல இருக்கணும். அக்ரிமென்ட்ட கண்டிப்பா ஸ்டாம்ப் பண்ண சொல்லுங்க. உள்ள போற அன்னைக்கே சுவர், மெத்தை, ஏசி, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து ஓனருக்கும் ஏஜென்ட்டுக்கும் அனுப்பி வச்சிடுங்க, காலி பண்ற நேரத்துல டெபாசிட்ட முழுசா வாங்க அதுதான் ஒரே ஆதாரம். இன்னொன்னு, சில ஓனருங்க இந்தியர்களுக்கு வீடு குடுக்க மாட்டாங்க. கேக்கறப்போ வலிக்கும், ஆனா அதுக்காக கெஞ்சாதீங்க. நாங்க இந்தியாலருந்து வந்திருக்கோம், வீட்ல சமைப்போம்னு ஏஜென்ட்கிட்ட மொத ஃபோன்லயே சொல்லிட்டா அந்த வீடுகள பாக்க அலையறது மிச்சம், மதிச்சு குடுக்கிற ஓனருங்க நெறைய பேர் இருக்காங்க.

இப்ப சாப்பாடு, இதுக்குத்தான் பினாங்கு.

நாசி கண்டார் தமிழ் முஸ்லிம் வியாபாரிங்க தோள்ல தடி போட்டு ரெண்டு பக்கமும் சோறும் கொழம்பும் தூக்கிட்டுப் போய் வித்த சாப்பாடு. கேம்ப்பெல் ஸ்ட்ரீட் ஹமீதியா 1907லருந்து இருக்கு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டி ராத்திரி வரிசைல நின்னு வாங்குற கடையும் இருக்கு, ரெண்டையும் சாப்பிட்டு பாத்துட்டு எது ஒசத்தின்னு நீங்களே சொல்லுங்க. தட்டுல சோறு வச்சதும் "குவா சம்பூர்"னு சொன்னா நாலஞ்சு கொழம்ப கலந்து ஊத்துவாங்க, அப்படித்தான் சாப்பிடணும், தனித்தனியா கேட்டா பாதி ருசிதான். மலாய்ல ஆயாம்னா கோழி, காம்பிங் ஆடு, டாகிங் மாடு, இக்கான் மீன், சோத்தோங் கணவாய், உடாங் இறால், மாடு சாப்பிடாதவங்க டாகிங்ங்கிற வார்த்தைய மட்டுமாவது மனசுல வச்சுக்கோங்க. பெரிய இறால், மீன் முட்டை மாதிரி ஐட்டத்துக்கு கை நீட்டறதுக்கு முன்னாடி வெலைய கேட்டுடுங்க, கணக்கு தட்டுல இருக்கிறத பாத்துதான் போடுவாங்க.

சுத்த சைவமா இருந்தா கொஞ்சம் கவனமா இருக்கணும். சார் குவேத்தியாவ்னு தட்டையான அரிசி நூடுல்ஸ வதக்கித் தருவாங்க, அதுல இறாலும் சிப்பியும் இருக்கும், பல கடைல பன்னிக்கொழுப்புலதான் வதக்குவாங்க. ஆயர் ஈத்தாம்ல பேர் வாங்குன அசாம் லக்சா புளிப்பான நூடுல்ஸ், அதுக்கு கொழம்பே மீன்ல வைக்கிறது. வெறும் கீரை வறுவல்னு நெனச்சு வாங்குனா அதுலயும் பெலாச்சான்னு இறால் விழுது இருக்கும். அதனால ஜார்ஜ் டவுன்ல நம்ம ஆளுங்க கடைங்க இருக்கிற லிட்டில் இந்தியால பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் இருக்கிற சைவக் கடைங்க, இல்லன்னா சீனங்களோட சைவக் கடைங்க, இது ரெண்டும்தான் நம்பிக்கை. சீன மாசத்துல ஒண்ணாம் நாளும் பதினஞ்சாம் நாளும் அங்க நல்ல கூட்டம் இருக்கும். பெரும்பாலும் நம்ம நவராத்திரிய ஒட்டி சீனங்களுக்கு ஒம்பது நாள் திருவிழா ஒண்ணு வரும், அப்ப மஞ்சக் கொடி கட்டுன கடையெல்லாம் சைவம், சைவக்காரங்களுக்கு வருஷத்துலயே சந்தோஷமான வாரம் அதுதான். வெயில்ல நடந்து களைச்சா பினாங்கு ரோடு சந்துல செண்டோல் குடிங்க, ஐஸ் போட்ட இனிப்பு, தேங்காப்பாலும் பனைவெல்லமும், யாருக்கும் பயமில்ல. டீல சர்க்கரை வேணாம்னா "கோசோங்".

பொன்னி அரிசி, கருவேப்பிலை, முருங்கைக்காய், மாவு எல்லாமே லிட்டில் இந்தியால கெடைக்கும், ஊர்லருந்து பெட்டி நெறைய சுமந்துட்டு வராதீங்க. கடைல தயங்காம தமிழ்லயே பேசுங்க, அண்ணே அக்கான்னு கூப்பிடுங்க. ஆனா ஒண்ணு நல்லா தெரிஞ்சுக்கணும், இந்த ஊர் தமிழங்க நம்மள மாதிரி நேத்து வந்தவங்க இல்ல. குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833ல கட்டுனது, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு இந்திய முஸ்லிம்கள் அஸ்திவாரம் போட்டது 1801ல. "நீங்க எந்த ஊரு"ன்னு கேட்டா பினாங்குன்னுதான் சொல்லுவாங்க, "இல்ல, சொந்த ஊரு"ன்னு திருப்பி கேக்காதீங்க, இதுதான் அவங்க சொந்த ஊரு.

ஜார்ஜ் டவுன காலைல எட்டு மணிக்குள்ள நடந்தே பாருங்க, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த பகுதி. மாரியம்மன் கோயில், பள்ளிவாசல், சீனங்களோட குவான் யின் கோயில், 1818ல கட்டுன செயின்ட் ஜார்ஜ் சர்ச், நாலும் பக்கம் பக்கமா இருக்கு. அப்படியே கடல் பக்கம் போனா மரக்கால் மேல நிக்கிற சீனக் குடும்ப வீடுங்க, அங்க ஆளுங்க குடியிருக்காங்க, வாசல்ல நின்னு உள்ள ஃபோட்டோ எடுக்காதீங்க.

பஸ்ல 204 புடிச்சா கெக் லோக் சிங்கிற சீன புத்தர் கோயிலும் கொடிமலையும் (பினாங்கு ஹில்) ஒரே ரூட். கொடிமலை ரயில் 1923லருந்து ஓடுது, மேல ஒரு முருகன் கோயிலும் இருக்கு. ஞாயித்துக்கிழமையும் ஸ்கூல் லீவுலயும் போகாதீங்க, வரிசைலயே பாதி நாள் போயிடும். பத்து பெரிங்கி கடலுக்கும் தெலுக் பகாங் தேசியப் பூங்காவுக்கும் 101. ஏர்போர்ட், பாயான் லெப்பாஸ் பக்கத்துலருந்து டவுனுக்கு 401. பஸ்ல காசு குடுத்தா மீதி தர மாட்டாங்க, சில்லறை வச்சுக்கோங்க.

வந்த மொத வருஷமே தைப்பூசத்துக்கு லீவு எங்கயும் போட்டுடாம ஊர்லயே இருங்க. மொத நாள் ரதம் வர்ற வழியெல்லாம் மலை மலையா தேங்கா ஒடைப்பாங்க, அதுல சீனங்களும் நெறைய பேர், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி, வழி முழுக்க தண்ணீர்ப்பந்தல். ஊர்லருந்து அப்பா அம்மாவ கூட்டிட்டு வரணும்னா இந்த சமயத்துக்கு கூட்டிட்டு வாங்க, ரூம் மட்டும் ரெண்டு மாசம் முன்னாடியே போட்டுடுங்க. வயசானவங்களுக்கு படி முடியலன்னா கீழ பந்தல்ல உக்காந்தே ரதத்த பாக்கலாம். அதுக்கப்புறம் அவங்கள கோலாலம்பூர் கூட்டிட்டுப் போறதா இருந்தா ஃபெரில பட்டர்வொர்த் போய் அங்கருந்து இ.டி.எஸ்ங்கிற வேகமான மின்சார ரயில் ஏறுங்க, பஸ்ஸ விட உக்காந்து வர வசதி, லீவு சமயத்துல டிக்கெட் சீக்கிரம் தீந்துடும்.