ஊராட்சியாகவே இருப்பதா, மாநகராட்சியோடு சேர்வதா? மனுவில் என்ன எழுதுவது?

கல்லுப்பட்டறை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சி எங்கள் ஊர். பெயர் வேண்டாம், ஏற்கெனவே ரெண்டு கட்சியாக நிற்கிறார்கள். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் மாதிரி ஊராட்சிகளும் அதற்குள் போய்விட்டன. அடுத்து நம்ம ஊர்தான் என்று டீக்கடையில் பேச்சு. உத்தரவு ஒன்றும் வரவில்லை. வந்தபிறகு ஓடுவதைவிட இப்போதே ஒரு மனுவைத் தயார் செய்து வைப்போம் என்று ஊர்க்கூட்டத்தில் ஐந்து பேரைப் போட்டார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

உட்கார்ந்து முதல் வரி எழுதினேன்: “எங்கள் ஊர் முழுக்க முழுக்க விவசாயக் கிராமம்.” எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிரே என் பட்டறை. கண்ணாடியில் சாயம் ஊற்றிக்கொண்டு ரெண்டு பேர், தொட்டித் தண்ணீரிலிருந்து கல்லை எடுத்து அடுக்கிக்கொண்டு மூன்று பேர். ஐந்து பேருமே வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்த வரியை அடித்துவிட்டேன். அதோடு நிற்கிறது.

வரி ஏறும் என்கிறார்கள், எவ்வளவு ஏறும்? நூறு நாள் வேலை என்ன ஆகும்? ஊருணி யாருக்குப் போகும்? இன்னொன்று, எதிரே இருக்கும் செட்டியார் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பதினான்கு பங்கு. சென்னை, கோவை, பினாங்கு என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுத்தெருவை வைத்து வார்டு பிரித்தால் இந்த வீடு எந்த வார்டு? சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

---

ஓய்வுபெற்ற பில் கலெக்டர் பதில்:

தம்பி, அந்த வரியை அடித்தது நல்ல காரியம். அரசியல் சட்டம் 243-கியூ பிரிவைப் பாருங்கள். ஓர் ஊரை நகர்ப்புறம் என்று அறிவிப்பதற்கு முன் மக்கள்தொகை, அதன் அடர்த்தி, உள்ளூர் வருமானம், விவசாயம் அல்லாத வேலையில் இருப்பவர்களின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் பட்டறையே எதிர்க்கட்சிக்குச் சாட்சி! ஆகவே “விவசாயக் கிராமம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எத்தனை வீடு, எத்தனை பேர் எந்த வேலையில், வீட்டுவரி எவ்வளவு வசூல் என்று எண்ணி எழுதுங்கள். எண் இல்லாத மனுவை மேலே யாரும் முழுதாகப் படிப்பதில்லை. முப்பது வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

வரிக்கு வருகிறேன். ஊராட்சியில் வீட்டுவரியை வருடத்துக்கு ஒருதரம் கட்டிவிட்டு மறந்துவிடுகிறீர்கள். நகர்ப்புறத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்துவரி. அப்புறம் காலிமனை வரி என்று ஒன்று இருக்கிறது. கிராமத்தில் அந்தப் பேச்சே கிடையாது. 2022-இல் நகர்ப்புறங்களில் குடியிருப்புக்கு வரி ஏற்றியபோது 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதற்கு மேல் 100 சதவீதம். செட்டிநாட்டு வீட்டை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முகப்பும் பட்டாலை என்கிற முன்கூடமும் முடிந்து வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், கால் வைப்பதற்குள்ளேயே 1800 தாண்டிவிடும்! வீட்டில் இருப்பது ஒரு காவல்காரரும் வௌவாலும். பதினான்கு பங்குக்கும் வரிக் கேட்பு (டிமாண்ட்) ஒன்றுதான். யார் கட்டுவது என்று பங்காளிகள் முடிவு செய்வதற்குள் பாக்கி ஏறிக்கொண்டே போகும். எங்கள் பேரூராட்சியில் இந்த மாதிரி பாக்கிக்காகவே தனி நோட்டு வைத்திருந்தேன்.

பெயர் மாற்றத்துக்கு மட்டும் பயப்பட வேண்டாம். 2004-இல் எங்களைக் கிராம ஊராட்சிப் பட்டியலுக்கு மாற்றினார்கள், 2006-இல் திரும்பப் பேரூராட்சி ஆக்கினார்கள். ஒரே பெயிண்டர் வந்து ரெண்டு தடவை போர்டு எழுதினார். ரெண்டாவது தடவை பழைய எழுத்து அடியில் லேசாகத் தெரியும்படி விட்டுவிட்டுப் போனார், “எதுக்குண்ணே, திரும்ப மாத்துவாங்க” என்றார்.

வார்டு கேள்விக்கு: கதவு எண் எந்தத் தெருவில் பதிவாகி இருக்கிறதோ அதைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். பின்வாசலில் கதவு எண் போட்டு வாடகைக்கு விட்டிருந்தால்தான் தலைவலி.

---

பொட்டல்_பையன் பதில்:

சேர்ந்துவிடுங்க அண்ணே. எங்க ஊரில் குப்பையை அள்ள ஆள் இல்லாமல் ஊருணிக் கரையிலேயே கொட்டி எரிக்கிறார்கள். தெருவிளக்கு போனால் யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. கிராமம் கிராமம் என்று பெருமை பேசுகிறவர்கள் எல்லாம் பொங்கலுக்கு மட்டும் வருகிறவர்கள். வரி ஏறட்டும், பாதாளச் சாக்கடையாவது வரட்டும்.

---

முன்னாள் வார்டு மெம்பர் பதில்:

பில் கலெக்டர் ஐயா வரியை மட்டும் பார்க்கிறார், பொட்டல் தம்பி குப்பையை மட்டும் பார்க்கிறார். யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதை ரெண்டு பேரும் விட்டுவிட்டீர்கள்.

ஊராட்சியில் தலைவரை நாம் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பேரூராட்சியில் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள், நிர்வாகம் செயல் அலுவலர் கையில். மாநகராட்சிக்குப் போனால் மேயரும் மறைமுகத் தேர்தல்தான், நிர்வாகம் ஆணையர் கையில். ஊர் பெரிதாகப் பெரிதாகக் கையெழுத்து நம்மை விட்டுத் தள்ளிப் போகும்.

நான் மெம்பராக இருந்தபோது ஒரு கிராம சபையில் ஒரு பாட்டி எழுந்து, “போர் போட்டதா எழுதியிருக்கியே, எங்கே தண்ணி?” என்று கேட்டார். அந்த போருக்குப் பொறுப்பானவர் மேடையிலேயே வேர்த்து, துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அந்தப் பாட்டியால் மாநகராட்சி மன்றத்துக்குப் போய் அப்படிக் கேட்க முடியுமா? நகர்ப்புறத்தில் பகுதி சபை, வார்டு கமிட்டி என்று இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வார்டு கமிட்டிக்குத் தலைவரே கவுன்சிலர்தான். அவரைக் கேள்வி கேட்க அவரே கூட்டம் போட வேண்டும்.

அதற்காகப் பழைய ஊர்க்கூட்டம்தான் உசத்தி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அம்பலம் கூடுகிற இடத்தில் எங்கள் ஆத்தா நின்றதே இல்லை, சேரிக்காரர்கள் ஓரமாக நின்றார்கள். பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு இல்லாவிட்டால் நானும் தேர்தலில் நின்றிருக்க மாட்டேன். ஒன்று கேட்கிறேன், உங்கள் ஐந்து பேர் குழுவில் பெண் எத்தனை பேர்?

நூறு நாள் வேலை கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். சேர்ந்துவிட்டால் அட்டை செல்லாது. இதை மனுவின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

---

கல்லுப்பட்டறை பதில்:

அக்கா, குழுவில் பெண் யாரும் இல்லை. நேற்று ராத்திரி உங்கள் பதிலைப் படித்துவிட்டு வீட்டுக்காரியிடம் சொன்னேன். “இப்பத்தான் தெரிஞ்சுதா” என்றாள். இன்றைக்கு ரெண்டு பேரைச் சேர்த்தாயிற்று. ஒருவர் நூறு நாள் வேலையில் ஆட்களை மேற்பார்க்கும் ‘மேட்’ ஆக இருப்பவர். வந்த உடனே அட்டை வைத்திருக்கும் வீடுகளை மனப்பாடமாக ஒப்பித்தார். நாங்கள் ஐந்து பேரும் ஒரு வாரமாக எண்ண வேண்டும் எண்ண வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த கணக்கு அது.

ஊருணி பற்றி யாரும் சொல்லாததால் நானே விசாரித்தேன். பாசனம் நூறு ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் அரசுத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஒன்றியத்துக்கு, ஊருணி ஊராட்சிக்கு. சேர்ந்தால் ஊருணி அப்படியே மாநகராட்சிக்குப் போகும். வரத்துக்கால் எங்கே தூர்ந்து கிடக்கிறது என்று இங்கே தெரிந்த மாதிரி அங்கே தெரியாது. அதனால் புலஎண் போட்டு, வரத்துக்கால் போகிற வழியைக் கோட்டுப்படமாக வரைந்து மனுவோடு வைக்கிறோம். சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி, அந்தப் படம் பயன்படும்.

பொட்டல் தம்பி, குப்பை விஷயத்தில் நீ சொல்வதும் நியாயம்தான். அதனால் “சேர்க்கவே கூடாது” என்று எழுதவில்லை. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளில் எல்லாம் தனி அலுவலர்தான் இருக்கிறார். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத நேரத்தில் இதை முடிவு செய்யாதீர்கள், தேர்தல் முடிந்து கிராம சபையில் எங்களைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறோம். கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது என்று ஒருவர் சொன்னார். இருக்கட்டும், பதிவாவது ஆகும். எங்கள் ஊரில் மூவாயிரத்துக்கு மேல் ஜனம், கிராம சபை செல்லக் குறைந்தது 200 பேர் (கோரம்) வர வேண்டும். போன தடவை கூட்டத்தை நிரப்ப டீயும் வடையும் வாங்க வேண்டியிருந்தது. இந்த விஷயத்துக்கு அது வேண்டியிராது.

முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: “எங்கள் ஊரில் ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பல வீடுகளில் ரெண்டும் ஒரே குடும்பம்.” பில் கலெக்டர் ஐயா, இது சரியா? அடுத்த வரியிலேயே எண் வருகிறது.

பினாங்குப் பங்குக்காரர் ராத்திரி வாட்ஸப்பில் கேட்டார், வரி ஏறினால் பதினான்கில் ஒன்றா அல்லது யார் எத்தனை அறை வைத்திருக்கிறார்களோ அந்தக் கணக்கா என்று. இதற்கு யாராவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குச் சாவி மட்டும்தான் தெரியும்.