எஸ்.எல்.எஸ். (இலங்கைக் கட்டளை) வரைவுக்குக் கருத்து எழுதுவது எப்படி? பாதுகாப்பு எண்களை யார் தீர்மானிக்கிறார்கள்?

மரப்பாவை_கொழும்பு13:
வணக்கம். இறப்பர் மரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள் செய்யும் சிறு உற்பத்தியாளர்கள் சிலர் சேர்ந்து கேட்கிறோம். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் ஒரு வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு விடும்போது எங்களைப் போன்றவர்கள் எழுதினால் எடுபடுமா? அதில் வரும் மில்லிமீற்றர், நியூட்டன் எல்லாம் யார் வைத்த அளவு? மின்சாரப் பொருளுக்குப் பக்கம் பக்கமாக எண்கள் இருக்கு, மருத்துவ உபகரணத்துக்குக் கோப்புத்தான் கேட்கிறார்கள் என்கிறார்கள். துறைக்குத் துறை ஏன் இந்த வித்தியாசம்?

விக்டோரியா_பிளேஸ்:
கட்டளை (தரநிலை) வேறு, சட்டம் வேறு. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் (எஸ்.எல்.எஸ்.ஐ., 1984ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம்) எழுதுவது விரும்பினால் பின்பற்றக்கூடிய ஆவணம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பணிப்புரை வெளியிட்டால்தான் அந்தக் கட்டளைக்கு ஒத்துப்போகாமல் விற்க முடியாத நிலை வரும். இறக்குமதிக்குத் தனியாகப் பரிசோதனைத் திட்டம் இருக்கு. ஆகவே வரைவைப் பார்த்ததும் பதறவும் வேண்டாம், "விரும்பினால்தானே" என்று விட்டுவிடவும் வேண்டாம். கட்டாயமாக்கும்போது எண்ணைத் திருப்பிப் பேச நேரம் இருக்காது.

வரைவை எழுதுவது செயற்குழு. உற்பத்தியாளர், ஆய்வுகூடம், பல்கலைக்கழகம், அரச நிறுவனம், நுகர்வோர் தரப்பு என்று ஆட்கள் இருப்பார்கள். ஒருமித்த கருத்து என்று அவர்கள் சொல்வது எல்லாரும் தலையாட்டுவது அல்ல. முக்கியமான தரப்பு எதுவும் அடிப்படை விடயத்தில் விடாமல் எதிர்க்காதிருப்பது. ஐ.எஸ்.ஓ. (சர்வதேசக் கட்டளைகள் அமைப்பு) மட்டத்தில் கணக்கு இன்னும் கறார்: வரைவு நிறைவேற, வாக்களித்த பங்கேற்பு உறுப்பினர்களில் (அந்தக் குழு வேலையில் நேரடியாகப் பங்கெடுக்கும் நாடுகள்) மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், மொத்த வாக்குகளில் எதிர்ப்பு நாலில் ஒன்றைத் தாண்டக் கூடாது. தொழில்நுட்பக் காரணம் எழுதாத எதிர்ப்பு வாக்கு எண்ணப்படாது.

உலக வர்த்தக அமைப்பின் நன்னடத்தைக் கோவைப்படி கருத்துக்குக் குறைந்தது 60 நாள் கொடுக்க வேண்டும். முதலில் முன்னுரையைப் பாருங்கள். சர்வதேசக் கட்டளையை அப்படியே ஏற்பதாக இருந்தால் உள்ளூரில் எண்ணை மாற்ற முடியாது, பதிப்புத் திருத்தம் மட்டும்தான். மாற்றத்துடன் ஏற்பதாக இருந்தால் உங்கள் வாதத்துக்கு இடம் இருக்கு. இதைப் பார்க்காமல் எழுதும் கடிதங்கள்தான் அதிகம் வீணாகின்றன.

மின்கசிவு:
எண்கள் பற்றி. ஒவ்வொரு எண்ணும் காயம் எந்த வழியில் வருகிறது என்பதிலிருந்து பிறக்கிறது. கையில் தூக்கிப் பயன்படுத்தும், புவித்தொடுப்புள்ள வீட்டுச் சாதனத்துக்கு ஐ.இ.சி. (மின்பொருட்களுக்கான சர்வதேசக் கட்டளை அமைப்பு) 60335-1 அனுமதிக்கும் கசிவு மின்னோட்டம் 0.75 மில்லிஅம்பியர். இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள மருத்துவ உபகரணத்துக்கு ஐ.இ.சி. 60601-1இல் வழமையான நிலையில் 10 மைக்ரோஅம்பியர், ஒரு பழுது ஏற்பட்ட நிலையில் 50. வழமையான நிலையை எடுத்தால் 75 மடங்கு இறுக்கம். கையால் தொடும்போது தோலின் தடை இருக்கு, மின்னோட்டமும் உடம்பில் பரந்து போகும். இதயத்துக்குள் கம்பி போயிருந்தால் தடை போய்விடும், மின்னோட்டம் தசையில் ஒரு புள்ளியில் குவியும்.

தீக்கும் இதே கதைதான். ஒளிர்கம்பிச் சோதனையில் சூடாக்கிய கம்பியைப் பிளாஸ்டிக்கில் 30 விநாடி அழுத்துவார்கள். எடுத்த பிறகு 30 விநாடிக்குள் சுடர் அணைய வேண்டும், 200 மி.மீ. கீழே விரித்த மெல்லிய தாள் பற்றக் கூடாது. ஆள் பக்கத்தில் இருந்து பயன்படுத்தும் சாதனத்தில் மின் இணைப்பைத் தாங்கும் பகுதிக்கு 750 பாகை, கவனிப்பாரின்றி ஓடும் சாதனத்துக்கு 850 பாகை. ஆள் இல்லாவிட்டால் தீயைப் பார்க்க யாரும் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

மருத்துவ உபகரணத்துக்கும் எண் இருக்கு, மேலே சொன்னதுபோல. ஆனால் ஊசிப்பம்பும் செயற்கை மூட்டும் ஒரே எண்ணுக்குள் அடங்காது. ஆகவே ஐ.எஸ்.ஓ. 14971 (மருத்துவ உபகரணங்களின் ஆபத்தைக் கையாளும் கட்டளை) எவ்வளவு ஆபத்து ஏற்கத்தக்கது என்றே சொல்லாமல், அதை நீங்களே தீர்மானித்து எழுத்தில் நிரூபிக்கச் சொல்லும். கோப்புக் கேட்பது அதனால்தான்.

வாயு_வால்வு:
இன்னொரு வகையும் இருக்கு: விபத்துக்குப் பிறகு எழுதப்படுவது. 2021 கடைசியில் இங்கே சமையல் எரிவாயு வெடிப்புகள் வந்தபோது புரொபேன், பியூட்டேன் விகிதம் பெரிய விவாதமானது. 30 பாகையில் தூய பியூட்டேனின் ஆவியழுத்தம் சுமார் 2.8 பார், புரொபேனுக்கு 10.8 பார். கலவை மாறினால் வால்வு, குழாய், சீராக்கி எல்லாம் வேறு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். வாயுவுக்கு ஒரு கட்டளை, குழாய்க்கு ஒன்று, சீராக்கிக்கு ஒன்று என்று இருக்கையில் ஒன்றில் எண் மாறினால் மற்றவற்றைத் திறந்து பார்ப்பது யார் வேலை என்பது தெளிவாக இராது. வரைவைப் படிக்கும்போது அது மேற்கோள் காட்டும் மற்றக் கட்டளைகளின் ஆண்டையும் பாருங்க.

மரப்பாவை_கொழும்பு13:
நன்றி. எங்களுக்கு எந்தச் சோதனையில் இடிக்கும்? கருத்தை எந்த வடிவத்தில் எழுதுவது?

விக்டோரியா_பிளேஸ்:
விளையாட்டுப் பொருள் பாதுகாப்புக்கான ஐரோப்பியக் கட்டளை இ.என். 71-1ஐ எடுத்துப் பாருங்கள். உங்கள் பொருளுக்கு அதில் கடினமானது ஊறவைக்கும் சோதனை. பசையால் ஒட்டிய மரப் பொருளை 20 பாகைக் கனிமநீக்கிய நீரில் 4 நிமிடம் முழுதாக அமிழ்த்தி, எடுத்து உதறி, 10 நிமிடம் வெளியே வைப்பார்கள். மொத்தம் நாலு தடவை. அதற்குமேல் 850 மி.மீ. உயரத்திலிருந்து ஐந்து தடவை விழவிடுவதும், பிய்த்திழுப்பதும். சிறுபகுதி 6 மி.மீ. அல்லது குறைவாக இருந்தால் 50 நியூட்டன், கூடினால் 90. விசையை 5 விநாடியில் ஏற்றி 10 விநாடி பிடிப்பார்கள். கழன்ற துண்டு 31.7 மி.மீ. விட்டமுள்ள சாய்ந்த அடி உருளைக்குள் எந்தப் பக்கமாகத் திருப்பியேனும் அமுக்காமல் அடங்கினால் 36 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அது தோல்வி.

சாதாரண வெள்ளைப் பசை இந்த ஊறலில் மென்மையாகும். டி3 வகைப் பசை (4 நாள் நீரில் கிடந்த பிறகும் சதுர மில்லிமீற்றருக்கு 2 நியூட்டன் தாங்கும்) எடுங்கள், கண், சில்லு போன்றவற்றை மர ஆணியோடு சேர்த்துப் பூட்டுங்கள். ஒட்டும் பக்கத்தில் மெழுகோ எண்ணெயோ பட்டிருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது.

கருத்துப் படிவத்தில் பிரிவு எண், பந்தி, கருத்தின் வகை (பொது, தொழில்நுட்பம், பதிப்பு), காரணம், நீங்கள் முன்மொழியும் சொற்கள் என்று பத்திகள் இருக்கும். கடைசிப் பத்தியை வெறுமையாக விட்டால் செயலகம் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று எழுதி மூடிவிடும். "செலவு கூடும்" என்பது காரணமாகாது. எண்ணைத் தளர்த்தச் சொன்னால் அதே பாதுகாப்பை வேறு எதால் தருகிறீர்கள் என்று சோதனை அறிக்கையோடு காட்டுங்கள். அறிக்கை இலங்கைத் தராதர அங்கீகாரச் சபையிடம் ஐ.எஸ்.ஓ. 17025க்கு (ஆய்வுகூடத் தகுதிக்கான கட்டளை) அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தினுடையதாக இருக்கட்டும். அங்கீகார வரம்பில் அந்தக் குறிப்பிட்ட சோதனை இருக்கிறதா என்று காசு கட்ட முதலே கேளுங்கள்.