சட்டமன்றத்தில் மூன்று நிமிடம்: லைம் நோயாளிகளின் அனுபவங்கள்

ஆக்டன், மாசசூசெட்ஸிலிருந்து

சட்டமன்றக் குழு முன்னால் நோயாளியாகப் பேசப் போகிறோம், எப்படித் தயாராவது என்று இரண்டு பேர் என்னைத் தனியாகக் கேட்டிருந்தார்கள். லைம் என்பது உண்ணி கடித்துப் பரவும் கிருமி நோய். எனக்கு நடந்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். போய் வந்த மற்றவர்களும் எழுதுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு தொடங்கும் இடத்தில் பழைய கல்சுவர் ஒன்று உண்டு. 2012 ஜூனில் அதன் ஓரமாகப் புதினா வைக்கலாம் என்று இரண்டு நாள் மண் கொத்தினேன். உண்ணி கடித்தது அப்போதுதான் இருக்க வேண்டும். மான் உண்ணியின் இளம் பருவம் கசகசா அளவுதான். கடித்தால் வலிக்காது. முழங்காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவக்கும் என்பார்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு அப்படி வரும். ஆனால் நம் நிறத்துத் தோலில் அந்தச் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. எனக்கு வந்ததா, வரவே இல்லையா என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

அக்டோபரில் வலது முழங்கால் தேங்காய் போல வீங்கியது. முதலில் பார்த்த மருத்துவர் வயதுக்கு முந்திய மூட்டுத் தேய்மானம் என்றார். இரண்டாவது மருத்துவர்தான் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், லைம் என்று உறுதியானது. 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். வீக்கம் வடிந்தது. நான் மட்டும் பழைய ஆளாக எழுந்திருக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் மாடிப்படி ஏற முடியாது. சொற்கள் நழுவ ஆரம்பித்தன. ஒரு நாள் தாளிக்க வைத்த எண்ணெய் காய்ந்து புகைகிறது. அஞ்சறைப்பெட்டி மகள் பக்கத்தில் இருக்கிறது. "அதை எடு" என்கிறேன். "எதைம்மா?" என்கிறாள். கடுகு என்ற சொல் வரவில்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவந்த சொல். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாவது மருத்துவர் இன்னும் சில மாதங்கள் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்துவிட்டது. 'மருத்துவரீதியில் அவசியம் அல்ல' என்று ஒரே வரி. கைப்பணம் போட்டு நான்கு மாதம் சாப்பிட்டேன். ஓரளவு தேறினேன். மருந்தால் தேறினேனா, நாட்கள் போனதால் தேறினேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படித்தான் குழு முன்னாலும் சொன்னேன்.

நீண்டகால ஆன்டிபயாட்டிக் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் தர வேண்டும் என்ற மசோதா பாஸ்டனில் விசாரணைக்கு வந்தபோது பெயர் கொடுத்தேன். மூன்று நிமிடத்துக்கு ஒரு பக்கம் போதும் என்று மகள் தட்டச்சு செய்து கொடுத்தாள். ரயிலில் அதை எத்தனை முறை படித்தேனோ, பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கி அந்தத் தங்கக் கூரைக் கட்டடத்துக்கு மேடு ஏறும்போதே பாதிச் சக்தி போய்விட்டது. மூன்று மணி நேரம் காத்திருந்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் பத்தி தாளைப் பார்க்காமலே வந்தது. பிறகு முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் அதற்கான ஆங்கிலச் சொல் மறைந்துபோனது. தாளைப் பார்த்தேன். எழுத்து தெரிகிறது, வரி பிடிபடவில்லை. மைக்கில் "முழங்கால்" என்று தமிழில் சொன்னேன். மறுபடியும் "முழங்கால்". கையால் தொட்டுக் காட்டினேன். அறையில் சத்தமே இல்லை. தலைமையில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "பொறுமையாகச் சொல்லுங்கள்" என்றார். ஓரத்தில் இருந்த ஓர் உறுப்பினர் அதுவரை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் எழுதிக்கொண்டு போன ஒரு பக்கத்தைவிட, சொல் வராமல் நின்ற அந்தப் பத்து விநாடிதான் நோயைப் பற்றி அவர்களுக்கு அதிகம் சொல்லியிருக்கும். போகிறவர்கள் தடுமாறிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம்.

2016 ஜூலைக் கடைசியில், ஆளுநர் சார்லி பேக்கர் போட்ட வீட்டோவை, அதாவது மறுப்பை, இரு அவைகளும் மீறி வாக்களித்து அந்த மசோதாவைச் சட்டமாக்கின. அன்றிரவு கேசரி கிளறினேன்.

அடுத்த வாரம் கணவரின் அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. பெரிய நிறுவனங்கள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. இன்சூரன்ஸ் நிறுவனம் பில்களைப் பார்த்துத் தீர்க்கும் வேலையை மட்டும் செய்யும். அப்படிப்பட்ட திட்டங்களை 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று மாநிலச் சட்டத்தின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. கணினித் துறையில் இருக்கும் நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்த வகைத் திட்டத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தயவுசெய்து, எந்த மசோதாவுக்காகப் பேசப் போனாலும், உங்கள் திட்டம் எந்த வகை என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தாலும் நான் போயிருப்பேன். ஆனால் கேசரி கிளறியிருக்க மாட்டேன்.


கனெக்டிகட்டிலிருந்து

அம்மா, நீங்கள் சொன்ன அந்த மௌனம் எனக்கும் பழக்கம்தான். எங்கள் விஷயத்தில் பேசியது என் மகள். அப்போது அவளுக்கு 14 வயது.

இந்த மாநிலத்தில் லைம் என்றால் முதலில் ஊர்ப் பெயர். கனெக்டிகட் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. அங்கே பாலி மர்ரே என்ற தாய், தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்குவதைப் பல வருடங்கள் குறித்துக்கொண்டே வந்தார். டாக்டர்கள் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1975-இல் அவரும் இன்னொரு தாயும் சொன்னதை வைத்துத்தான் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் ஆராய இறங்கினார். 51 பேர் கணக்கில் வந்தார்கள், அதில் 39 பேர் குழந்தைகள். கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் கண்டுபிடித்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. ஒரு அம்மாவின் குறிப்பேட்டிலிருந்து தொடங்கிய நோய் இது. மகளை அழைத்துக்கொண்டு, எங்கள் சட்டமன்றம் இருக்கும் ஹார்ட்ஃபோர்டுக்குப் போகும் வழியில் இந்தக் கதையைத்தான் காரில் சொல்லிக்கொண்டு போனேன்.

2009-இல் எங்களுக்கு இருந்த பிரச்சினை வேறு. இங்கே 1999-லேயே லைம் சிகிச்சைக்கான இன்சூரன்ஸ் சட்டம் வந்துவிட்டது. நீண்ட நாள் மருந்து எழுதத்தான் டாக்டர்களுக்குப் பயம், உரிமத்துக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று. மகளைப் பார்த்த டாக்டர் ஒருவர், "உன் அப்பாவிடம் சொல், எனக்கு மனம் இருக்கிறது, தைரியம் இல்லை" என்று அவளிடமே சொல்லிவிட்டார். அதைத்தான் அவள் குழு முன்னால் சொன்னாள். வேறு எதையும் சொல்லவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அறை முழுக்கப் பச்சை. லைம் நோயாளிகள் பச்சை ரிப்பன் குத்திக்கொள்வார்கள், பச்சைச் சால்வை, பச்சைத் தொப்பி. ஒரு பையன் அம்மாவின் கோட்டை மடித்துத் தலைக்கு வைத்துத் தரையிலேயே தூங்கிவிட்டான். உறுப்பினர்கள் எழுந்து போவதும் வருவதுமாக இருப்பார்கள். அவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குழுக்கள் இருக்கும். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். எழுத்தில் கொடுத்தது ஆவணத்தில் ஏறிவிடும், அதை உதவியாளர்கள் படிக்கிறார்கள். அதனால் எழுத்துச் சாட்சியம் கட்டாயம் கொடுங்கள்.

அந்தக் கோடையிலேயே ஆளுநர் ஜோடி ரெல் கையெழுத்துப் போட்டார். நோயைக் கண்டறிந்ததற்கான காரணங்களைப் பதிவேட்டில் எழுதிவைத்து நீண்டகால ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் மருத்துவர் மீது, அதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது சட்டம். மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். குளிர்காலத்தில் விரல் மூட்டு இன்னும் வலிக்கிறது.


பென்சில்வேனியாவிலிருந்து

நான் செவிலியர். வீடு வீடாகப் போய் நரம்பு வழி மருந்து ஏற்றும் வேலை பார்த்திருக்கிறேன். இங்கே பேசியவர்கள் மனம் நோகாமல் இதைச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

லைம் நோய்க்காக மாதக்கணக்கில் நரம்பு வழி மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வாரம் இரண்டு முறை பார்க்கப் போவேன். கைக்குள் புகுத்தி இதயத்துக்குப் பக்கம் வரை போகும் மெல்லிய குழாய் அது, நாங்கள் பிக் லைன் என்போம். ஒரு திங்கள்கிழமை போனபோது கதவைத் திறந்தவருக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. உடம்பு அனல். குழாய் நுழையும் இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் கீழே சீழ். ஆம்புலன்ஸ் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்தை நிறுத்திவிடுவார்களா?" என்றுதான் கேட்டார். உயிர் பிழைக்குமா என்று கேட்கவில்லை. அவர் பிழைத்தார். இப்படிப்பட்ட சிகிச்சையால் கடும் தொற்று வந்த ஐந்து நோயாளிகளைப் பற்றி அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2017-இல் எழுதியது. அதில் ஒரு பெண் குழாய்வழித் தொற்றில் இறந்தே போனார்.

2001-இல் 129 நோயாளிகளை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு 30 நாள் நரம்பு வழி மருந்து, பிறகு 60 நாள் மாத்திரை. மற்றவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்துபோலவே இருக்கும் மருந்தில்லாத பிளாசிபோ. இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. பிறகு வந்த ஆய்வுகளிலும் நீடித்து நின்ற பலன் தென்படவில்லை. 2003 ஆய்வில் களைப்பு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவே. அதே 2001 ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்த நோயாளிகளின் உடல்நிலை, இதயம் செயலிழந்துவரும் நோயாளிகளின் நிலைக்குச் சமமாக இருந்தது என்று பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நடிக்கவில்லை. ஆகவே சட்டமன்றத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை. மருந்துச் சீட்டைச் சட்டமன்றம் எழுதுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.


ஸ்காபரோ, கனடாவிலிருந்து

றூஜ் பூங்காவுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறேன். கோடையில் நம் சனம் பாயும் சாப்பாடுமாகக் கூடும் இடம். இந்த உண்ணி அங்கேயும் இருக்கிறது. எனக்கு அங்கேதான் கடித்தது.

இங்கே பாராளுமன்றத்தை அணுக ஒரு சிறிய வழி உண்டு, பலருக்குத் தெரியாது. தாளில் எழுதிய மனுவில் 25 பேர் கையொப்பம் வைத்தால் போதும், உங்கள் தொகுதி உறுப்பினர் அதைச் சபையில் வைக்கலாம். பங்கு கொள்வோருக்குக் குடியுரிமைகூடத் தேவையில்லை, இங்கே வசித்தால் சரி. ஒரு ஞாயிறு கோவில் வாசலில் நின்று சேர்த்தேன். பாதிப் பேர் லைம் என்றதும் தேசிக்காய் (எலுமிச்சை) என்று நினைத்தார்கள். விளக்கிச் சொன்னதும் ஒரு ஆச்சி தன் பேரனைக் கூப்பிட்டு, "காலை நீட்டு, பார்க்கட்டும்" என்று என் முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

பசுமைக் கட்சியின் எலிசபெத் மே கொண்டுவந்த லைம் நோய்ச் சட்டம் 2014-இல் நிறைவேறியது. 2016 மே மாதம் ஒட்டாவாவில் மாநாடு கூடியது, நோயாளிகளும் பேசினார்கள். அடுத்த வருடம் லைம் நோய்க்கான அரசின் திட்டம் வெளிவந்தது. அதில் கண்காணிப்புக்கும் விழிப்புணர்வுக்கும் கிடைத்த இடம், நோயில் கிடப்பவருக்கு என்ன செய்வது என்பதற்குக் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். சட்டம் வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விட்டோம். தொடர்ந்து வாசலில் நின்றிருக்க வேண்டும்.


மீண்டும் ஆக்டனிலிருந்து

பென்சில்வேனியா சகோதரிக்கு நன்றி. அழிக்காமல் எழுதியதற்கு. அந்தப் பெண் கேட்ட கேள்வியை நானும் கேட்டிருப்பேன்.

2016-க்குப் பிறகு என் கேள்வி மாறியது. மாநிலச் சட்டம் எனக்கு எட்டாது என்று தெரிந்ததும் வாஷிங்டனுக்குப் போகிறவர்களோடு சேர்ந்துகொண்டேன். அதே ஆண்டு டிசம்பரில் வந்த மத்தியச் சட்டத்தால் உண்ணி நோய்களுக்கென ஒரு பணிக்குழு அமைந்தது, அதில் விஞ்ஞானிகளோடு நோயாளிகளும் உட்கார்ந்தார்கள். 2019-இல் முன்னாள் செனட்டர் கே ஹேகன், உண்ணி கடித்துப் பரவும் போவாசன் வைரஸால் இறந்தார். இரண்டு மாதத்துக்குள் அவர் பெயரிலேயே உண்ணி நோய்ச் சட்டம் நிறைவேறியது. ஒரு வருடத்தில் சுமார் 4,76,000 பேர் இந்த நாட்டில் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார்கள் என்பது நோய்த் தடுப்பு மையத்தின் மதிப்பீடு. அந்தக் கணக்கைச் சொன்னபோது தலையாட்டியவர்கள், செனட்டர் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அங்கே உறுப்பினரைப் பார்ப்பது அரிது. உதவியாளர்தான் வருவார், என் மகளைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். அவரை அலட்சியமாக நினைக்காதீர்கள், குறிப்பெடுப்பவர் அவர்தான். ஒரு முறை அறை கிடைக்காமல் நடைபாதையில் நின்றே பேசினோம். கால் நடுங்குவதைப் பார்த்து அந்தப் பையன் உள்ளே போய்த் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

இப்போது நான் ஒன்றைத்தான் கேட்கிறேன். இன்றைய ரத்தப் பரிசோதனை நம் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத்தான் காட்டுகிறது. கிருமி போன பின்னும் அது வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். எனவே எனக்குள் கிருமி இன்னும் இருக்கிறதா, இல்லையா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் சோதனை ஒன்று வேண்டும். அது இருந்தால் எனக்கு வீணாக மருந்து ஏற்ற மாட்டார்கள், தேவைப்பட்டால் மறுக்கவும் முடியாது. சகோதரி, இதற்கு நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

கேட்டிருந்த இருவருக்கும்: ஒரு பக்கம் எழுதுங்கள், பெரிய எழுத்தில். வழக்கமாக நழுவும் சொற்களை ஓரத்தில் தமிழிலேயே எழுதி வையுங்கள். என் தாளில் ஆறு சொற்கள் இருக்கின்றன. சாப்பிட ஏதாவது பையில் இருக்கட்டும், காத்திருப்பு நீளும். வரும் மே மாதம் நான் மறுபடியும் போகிறேன், காரில் இரண்டு இடம் இருக்கிறது.