தோற்கப்போவது தெரிந்தே நிற்கும் சுயேச்சைக்குப் பிரசாரம் எதற்கு?

முனிச்சாலைக்காரன்:
2021 தேர்தலில் மதுரை தெற்கில் குப்பைத் தொட்டி சின்னத்தில் நின்ற சுயேச்சையை ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு ஒரு குட்டி ஹெலிகாப்டர், நிலாவுக்கு டூர், வெயிலுக்குச் செயற்கைப் பனிமலை, இல்லத்தரசிகளுக்கு ரோபோ என்று அடித்துவிட்டார். இலவசங்களை நக்கல் செய்யத்தான் நின்றாராம். ஊரெல்லாம் செய்தி. ஜெயித்தது என்னவோ உதயசூரியனில் நின்ற மதிமுக பூமிநாதன். இந்த மாதிரிப் பிரசாரத்தால் நயா பைசா பிரயோஜனம் இல்லை என்பேன். சுயேச்சை என்றாலே காமெடி பீஸ் என்று ஆனதுதான் மிச்சம்.

தெப்பக்குளம் தென்கரை:
அண்ணே, அதே தேர்தலில்தான் அதிமுக அறிக்கையில் வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின். 2006-ல் திமுக கலர் டிவி. அதற்கெல்லாம் யாரும் சிரிக்கவில்லை, ஹெலிகாப்டருக்கு மட்டும் சிரித்தார்கள். அவர் காட்டியது அதைத்தானே?

முனிச்சாலைக்காரன்:
சிரித்தவன் ஓட்டுப் போட்டானா? செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் 10,000 ரூபாய் திரும்பும். ஒன்றரை லட்சம் ஓட்டு விழுந்தால் 25,000-ஐத் தாண்ட வேண்டும். கட்சி இல்லாமல் யாரால் முடியும்?

மேலூர் ரோடு:
எங்கள் சித்தப்பா 2016, 2021 இரண்டு தடவையும் நின்று தோற்றவர். தொகுதியைச் சொல்ல மாட்டேன், ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். காமெடி எல்லாம் கிடையாது, கண்மாய் ஆக்கிரமிப்பு ஒன்றைத்தான் பேசினார். தோற்றதற்குப் பாதிக் காரணம் சின்னம். வாபஸ் தேதி முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்குவார்கள். அதற்கப்புறம் கையில் இருப்பது இரண்டு வாரம், கொஞ்சம் கூடக்குறைய. அதற்குள் நோட்டீஸ் அடித்து, குட்டியானையில் மைக் செட் கட்டி, தெருத்தெருவாகப் போய்ச் சின்னத்தை மனதில் பதிய வைக்க வேண்டும். 2016-ல் அவருக்கு டார்ச் லைட். அடுத்த தேர்தலுக்குள் அது கமல் கட்சிக்குப் போய்விட்டது. இவர் மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு அதே தெருவுக்குப் போனால், இட்லிக்கடை அக்கா கேட்டாராம்: "ஏண்ணே, கமல் கட்சில சீட்டு குடுக்கலையா?" அஞ்சு வருஷம் அந்த அக்கா டார்ச் லைட்டை மறக்கவில்லை பாருங்கள். பிரசாரம் வேலை செய்திருக்கிறது, பலன்தான் வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

முனிச்சாலைக்காரன்:
கண்மாய்தான் பிரச்சினை என்றால் கவுன்சிலருக்கு நிற்க வேண்டியதுதானே? சட்டசபைக்கு எதற்கு?

மேலூர் ரோடு:
2016 அக்டோபரில் மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் எங்கே நிற்பது, பெரியார் பஸ் ஸ்டாண்டிலா?

முனிச்சாலைக்காரன்:
சரி, அது நியாயம். ஆனால் ஆளாளுக்கு நின்றால் என்ன ஆகும்? 1996-ல் மொடக்குறிச்சியில் ஆயிரத்துக்கும் மேல் வேட்பாளர்கள், ஓட்டுச்சீட்டே புத்தகம் மாதிரி. தேர்தலையே தள்ளிவைத்தார்கள்.

தெப்பக்குளம் தென்கரை:
அது விவசாயிகள் நடத்திய போராட்டம், பொழுதுபோகாமல் நிற்கவில்லை. அந்த வருஷமே 250 ரூபாய் டெபாசிட் 5,000 ஆனது, இப்போது 10,000. அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரருக்கு முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சை 10 பேரைக் கூட்டி வர வேண்டும். ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் திருமங்கலம் ஃபார்முலாவுக்குப் பெயர் வாங்கிய மாவட்டத்தில் இருந்துகொண்டு சுயேச்சையால் தேர்தல் கெட்டது என்கிறீர்களே!

முனிச்சாலைக்காரன்:
பணம் கொடுப்பதை நான் எங்கே ஆதரித்தேன்? என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு மெஷினில் 16 பட்டன்தான், அதில் ஒன்று நோட்டா. பதினாறாவது ஆள் நின்றால் எல்லா பூத்துக்கும் இரண்டாவது மெஷின். எங்கள் அம்மா போன தடவை இரண்டு மெஷினையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சின்னத்தைத் தேடிக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. இதெல்லாம் யாரால்?

மேலூர் ரோடு:
அண்ணே, மெஷினில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள்தான் முதலில் வரும், அப்புறம் பதிவு மட்டும் பெற்ற சிறு கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ரெட்டை இலை, உதயசூரியன் எல்லாம் முதல் மெஷினின் தலைமாட்டிலேயே இருக்கும். அம்மா இரண்டாவது மெஷினில் யாரைத் தேடினார்கள் என்று கேட்டீர்களா?

முனிச்சாலைக்காரன்:
எங்கள் அம்மாவை இதில் இழுக்காதீர்கள்.