ஸ்கிம்மருக்கு ‘ஏடெடுப்பான்’ வேண்டாம், ‘பரப்புமடை’ என்போம்

குழுமத்து அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டு நீச்சல் குளத்தில் மிதக்கும் குப்பையை நீரோடு இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மருக்குத் தமிழில் ‘ஏடெடுப்பான்’ என்ற சொல்லை அண்ணாச்சி முன்மொழிந்திருக்கிறார்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கோலில் கட்டி இலை அரிக்கும் வலையையும் கடையில் ஸ்கிம்மர் என்றே கேட்டு வாங்குவதால், அந்தக் குழப்பம் தமிழுக்கும் வந்து சேரும். வலையை ‘அரிவலை’ என்று பிரித்துவிடலாம். நாம் பேசுவது குளத்துச் சுவரில் நீர்மட்டத்தையொட்டிப் பதித்த வாயைப் பற்றி. பம்ப் இழுக்கும்போது மேல்நீர் அதன் வழியே போகிறது. கூடவே போகும் வேப்பஞ்சருகு உள்ளிருக்கும் கூடையில் தங்கிவிடுகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் பழகியவர்களுக்கு இது ஒரு மடை. குளத்தின் அடித்தரையிலிருந்து பம்புக்கு நீர் போகும் வாயான மெயின் டிரெயினை ‘அடிமடை’ என்றால் இரண்டும் இணையாக நிற்கும்.

அப்படியானால் ‘மேல்மடை’ என்றே சொல்லலாமே என்று சிலர் கேட்டிருந்தார்கள். நம் ஊரில் அது எடுபடாது. மேலரத வீதி என்றால் மேற்கிலுள்ள வீதி என்றுதான் நெல்லையில் பொருள். போதாக்குறைக்கு, ஆனி ஆடியில் அடிக்கும் மேல்காற்று மிதக்கும் குப்பையைக் கிழக்கே ஒதுக்குவதால், இங்கே ஸ்கிம்மரைக் கீழ்ச்சுவரில், அதாவது கிழக்குச் சுவரில், வைப்பதே முறை. கீழ்ச்சுவரில் இருப்பதை மேல்மடை என்றால் கொத்தனாரே சிரிப்பார். ஆகவே, நீர்ப்பரப்பில் உள்ள மடை என்ற பொருளில் ‘பரப்புமடை’ என்கிறேன்.

பழுது பார்க்கையில் இந்த இணையின் பயன் தெரியும். கோடையில் நீர் வற்றி மட்டம் பரப்புமடையின் வாய்க்குக் கீழே இறங்கினால், பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். பம்பின் கண்ணாடி மூடிக்குள் குமிழிகள் சுழல்வதைப் பார்க்கலாம். அப்போது பம்பை நிறுத்தி, வாயின் பாதி உயரம் வரை தண்ணீர் விட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி வால்வு இருந்தால், அதுவரை பரப்புமடையை அடைத்து அடிமடையில் ஓட்டலாம். ஆனால் அடிமடையின் மூடி உடைந்திருந்தால் ஓட்டவே கூடாது, அந்த இழுவையில் குழந்தைகளின் தலைமுடி சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மட்டம் சரியாக இருந்தும் குமிழி வந்தால், வாயிலுள்ள கீல் பலகையை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வேப்பங்காம்பு இடுக்கில் செருகிக்கொண்டாலே பலகை நிமிர்ந்து நின்று தண்ணீரை மறித்துவிடும்.

அந்தப் பலகைக்கு ‘மடைக்கதவு’ என்ற பரிந்துரையும் வந்திருக்கிறது. கதவு என்றால் நாம் திறந்து மூடுவது. இதுவோ நீரின் மட்டத்துக்கேற்பத் தானே ஏறி இறங்கி, மேலாக உள்ள மெல்லிய நீரை மட்டும் உள்ளே விடுவது. எனவே ‘மிதவைப் பலகை’ என்பதே என் தேர்வு. சுத்தமான நீர் குளத்துக்குத் திரும்பும் துளைக்கு ‘வரத்துவாய்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் அன்பர்கள் தெரிவிக்கவும்.