மறு: சுலோ ஜின்னைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

லண்டனிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். சமையல் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதப் போய், தலைப்பிலேயே நின்றுவிட்டேன். என் தோட்டத்துப் பின்வேலி முழுவதும் பிளாக்தோர்ன் என்னும் முட்செடி. இந்தப் பக்கம் வெட்டினால் வேரோடி அந்தப் பக்கம் முளைக்கும். அதில் காய்க்கும் கருநீலப் பழம்தான் சுலோ. பச்சையாகக் கடித்தால் நாக்கு மரத்துப்போகும், அப்படி ஒரு கயர்ப்பு. முதல் உறைபனி விழுந்த பிறகு பறிப்பதுதான் பழைய வழக்கம். இப்போது பலர் முன்னதாகவே பறித்து, தோல் வெடிக்கட்டும் என்று ஓர் இரவு உறைபெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அரைக் கிலோ பழம், அதில் பாதி எடை சீனி, ஒரு லீற்றர் ஜின் என்னும் மது. போத்தலை இருட்டில் வைத்து அவ்வப்போது குலுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வடிகட்டினால் மாதுளஞ்சாற்று நிறத்தில் வரும். இந்த வேலைக்கு இங்கே இன்பியூஸ் என்ற ஒரு சொல் போதும். நாம் என்ன சொல்வது? இப்படிச் செடிவேலியில் காய்க்கும் சிறு பழங்களை இங்கே ஹெட்ஜ்ரோ பெர்ரி என்பார்கள், அதற்கும் ஒரு சொல் தாருங்கள்.

சென்னையிலிருந்து:

'கனி வடிமது' என்று வைக்கலாம். ஊறல் மட்டும் வேண்டாம், அம்மா. எங்கள் செய்தித்தாள்களில் 'ஊறல் அழிப்பு' என்று போட்டால், கள்ளச்சாராயம் காய்ச்சப் பானையில் புதைத்து வைத்திருந்த கலவையைக் காவல்துறை கொட்டிவிட்டது என்று பொருள். பெர்ரிக்குப் பாடநூலிலேயே சதைக்கனி என்ற சொல் இருக்கிறது. ஆகவே 'வேலிச் சதைக்கனி'. சுலோவைக் 'கருமுட்கனி' என்று சொல்லிவிடலாம்.

இலங்கை வன்னியில் உள்ள நெடுங்கேணியிலிருந்து:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம். முதலில் வடிமதுவைத் தள்ளிவைப்போம். அக்காவின் போத்தலில் எதுவும் வடிக்கப்படவில்லை. ஜின் ஏற்கெனவே ஆலையில் காய்ச்சி வடித்து வந்தது. அக்கா கடைசியில் துணியில் வடிகட்டுவது, சோறு வடிப்பதைப் போல வேறு வடிப்பு. இது வெறும் சொல்வழக்கல்ல, வழக்கு விவகாரமும்கூட. அனுமதிப்பத்திரம் இல்லாமல் சாராயம் காய்ச்சுவது இங்கே 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். 'வீட்டில் வடிமது செய்வது எப்படி' என்ற தலைப்பை வன்னியில் யாராவது படித்தால், அடுப்பும் குழாயும்தான் கண்ணுக்கு முன் வரும்.

ஊறல் மீது ஐயாவுக்கு உள்ள கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கறை கடலின் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே பொலிஸார் கைப்பற்றுவது 'கசிப்பும் கோடாவும்'. கசிப்பு என்றால் கள்ளச்சாராயம். நீங்கள் ஊறல் என்பது எங்களுக்குக் கோடா. அதனால் எங்கள் ஊறல் இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது: அரிசி ஊறுகிறது, உளுந்து ஊறுகிறது, தேனில் நெல்லிக்காய் ஊறுகிறது. இன்னொன்று, உங்கள் ஊரின் ஊறல் நொதிப்பது. அக்காவின் போத்தலில் நொதித்தலே நடக்காது. ஜின்னில் நூற்றுக்கு 37.5 பங்குக்குக் குறையாமல் மதுசாரம் இருக்கும். அந்த வலுவில் மதுவம் உயிர்வாழாது (நீங்கள் ஈஸ்ட் என்பீர்கள், எங்கள் பாடநூலில் மதுவம், எனக்கு அந்தச் சொல்லில் ஒரு பெருமை உண்டு).

ஊறு என்ற வினையை நான் விடமாட்டேன் என்பதற்குக் காரணம் வேறு. போன மாதம் பற்றைக்குள் கிளாப்பழம் பறித்து, கடையில் வாங்கிய தென்னஞ்சாராயத்தில் கால் போத்தல் அளவுக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த விவாதத்துக்காகத்தான், வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பழத்தை ஊசியால் குத்தி விட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் குத்திய துளையிலிருந்து சிவப்பு நூல்நூலாக இறங்கியது. மறுநாள் பழத்தை எடுத்து நசுக்கினால் உள்ளே சாராயம். அதாவது இரண்டு வேலை நடந்திருக்கிறது: சாராயம் உள்ளே போயிருக்கிறது, சாயம் வெளியே வந்திருக்கிறது. தமிழில் ஊறு என்பது இந்த இரண்டையுமே குறிக்கும். தண்ணீரில் அரிசி ஊறுகிறது என்றால் நீர் உள்ளே போகிறது. கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது, வாயூறுகிறது என்றால் உள்ளேயிருந்து வெளியே வருகிறது. இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் கையில் இருக்கும்போது, புதிதாக ஒன்றைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

ஆனால் 'மதுவூறல்' என்று அவசரப்பட்டு வைத்துவிடவும் முடியாது. சித்த மருத்துவத்தின் அக மருந்துகள் முப்பத்திரண்டில் தேனூறல் ஒன்று. அங்கே தேன் என்பது ஊறவைக்கும் பொருள். மருந்தாகத் தின்பது அதில் ஊறிய இஞ்சியையோ நெல்லியையோ. அந்த முறைப்படி மதுவூறல் என்றால் மதுவில் கிடந்த பழம்தான், மது அல்ல. அம்மம்மாவின் தேன் சாடியிலும் இந்தச் சிக்கல் இருந்தது. நெல்லியை எங்களுக்குத் தந்துவிட்டு, அடியில் தங்கிய தேனைத் தனியே எடுத்து வைப்பார். அதற்கு வீட்டில் பெயரே இல்லை, 'அந்தத் தேன்' என்பார். (அதே பட்டியலில் தீநீர் என்று ஒன்றும் உண்டு. அது காய்ச்சி வடிப்பது. அக்கா ஜின்னைத் தமிழில் விளக்க வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளலாம்.)

ஆகவே ஊறுகாயின் வழியில் போவோம். ஊறிக் கிடந்த பழம் ஊறுபழம். வடிகட்டி எடுத்த பானம் ஊறுதேறல். இரண்டும் வினைத்தொகை, நடுவில் வல்லினம் மிகாது. தேறல் என்பது சங்கப் பாடல்களில் தெளிந்த கள்ளுக்குப் பெயர். இந்தப் பானமும் தெளிய வேண்டியதுதான். என் கிளாப்பழத்தின் காம்பில் இருந்த பால் இறங்கி முதலில் எல்லாம் கலங்கிவிட்டது. பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடித்து, இரண்டு நாள் அசையாமல் வைத்த பிறகுதான் தேறியது.

பெர்ரிக்கு வருவோம். சுலோ தாவரவியல்படி சதைக்கனியே அல்ல. உள்ளே ஒரு கல்கொட்டை. உங்கள் பாடநூலின்படி உள்ளோட்டுச் சதைக்கனி. நம் சூரையும் இலந்தையும் அப்படித்தான். ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் சின்னப் பழம் எல்லாம் பெர்ரி; நாமும் பழம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஹெட்ஜ்ரோவுக்கு உயிர்வேலி இருக்கிறது. இங்கே மாரியில் கிளுவைக் கதியால் (நட்டால் வேர்விடும் தடி) போட்டு வேலி அடைப்போம், அது துளிர்த்துவிடும். ஆனால் வெறும் 'வேலிப்பழம்' என்றால், எங்கள் பிள்ளைகள் வேலியில் படர்ந்த கொவ்வைப்பழத்தைத்தான் நினைப்பார்கள். பாலை, வீரை, முரலி எல்லாம் காட்டுக்குள். சூரை வேலிக்கு வருவது வெட்டிய அலம்பலாகத்தான் (முட்கிளையாக), பழத்தோடு அல்ல. அதனால் 'உயிர்வேலிப் பழம்' என்று முழுதாகச் சொல்வதே நல்லது. ஊரில் யாராவது இதைப் படித்துவிட்டு நாயுண்ணிக் காயைப் போத்தலில் போட்டால் ஆபத்து. அதன் காய் நஞ்சு. அக்காவின் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கருமுட்கனி வேண்டாம், ஐயா. செடியைக் காணாத ஊரில் அதற்குப் பெயர் வைத்து யாருக்கு என்ன பயன்? சுலோ சுலோவாகவே இருக்கட்டும்.

சென்னையிலிருந்து:

தேறல் என்றால் இன்றைய வாசகர் தேர்வில் தேறுவதைத்தான் நினைப்பார் என்று எழுத உட்கார்ந்தேன். 'இரண்டு நாள் அசையாமல் வைத்த பிறகுதான் தேறியது' என்ற வரி வாயை அடைத்துவிட்டது. ஊறுதேறல் சரி. கருமுட்கனியையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மதுவத்தை மட்டும் எங்கள் பக்கம் யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். குறிப்பில் ஈஸ்ட் என்றே எழுதுங்கள்.

லண்டனிலிருந்து:

தம்பிக்கும் ஐயாவுக்கும் நன்றி. நாயுண்ணி எச்சரிக்கையை முதல் பத்தியிலேயே சேர்த்துவிட்டேன். போத்தலில் 'சுலோ ஊறுதேறல்' என்று ஒட்டியாயிற்று. மூன்று மாதம் தாண்டியும் பழத்தை விட்டுவைத்ததில் கொட்டையிலிருந்து வாதுமை வாசமும் இறங்கியிருக்கிறது. ஊறுபழத்தைக் கொட்டை நீக்கிச் சொக்கலேட்டில் தோய்த்து வைத்திருக்கிறேன். அடுத்த போத்தல் டாம்சன் என்னும் சிறு பிளம் பழம். அதற்கு யாரும் பெயர் வைக்க வேண்டாம்.